பச்சைத் திரைக்கு முன்னால் ஒரு மீன்கொத்தி

அமெரிக்க ஓவியர் ஆடுபான் வரைந்த பறவைகளை உலகம் இன்றும் வியந்து பார்க்கிறது. அந்தப் பறவைகள் உட்கார்ந்திருக்கும் பூங்கொத்துகளில் பலவற்றை வரைந்தவர் ஆடுபான் அல்ல, ஜோசப் மேசன் என்ற சிறுவன். 1820-இல் ஆடுபானோடு ஒஹையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே படகில் கிளம்பியபோது மேசனுக்குப் பதின்மூன்று வயது. ஆடுபான் பறவையைச் சுட்டு வீழ்த்துவார்; கம்பிகளால் பலகையில் பொருத்தி, உயிரோடு இருப்பதுபோல் நிற்கவைத்து வரைவார். இலை, காய், பூ, கொடி எல்லாம் பையன் பொறுப்பு. 1827 முதல் 1838 வரை வெளிவந்த ‘அமெரிக்கப் பறவைகள்’ தொகுப்பில் 435 அச்சுப் படங்கள் உண்டு. எதிலும் மேசனின் பெயர் இல்லை. பின்னணிதானே, யார் நிரப்பினால் என்ன என்று விட்டுவிட்டார்கள் போலும்.

இன்றைய பறவைப் படக்காரர்கள் எதிர்த் திசையில் போகிறார்கள். பின்னணியை நிரப்புவதை விட்டுவிட்டுக் காலி செய்கிறார்கள். எந்தப் பறவைப் படக் கண்காட்சிக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பாசி படர்ந்த ஒற்றைக் கிளை, அதன் மேல் ஒரு மீன்கொத்தி, பின்னால் வழவழவென்று ஒரே பச்சை. “என்ன கிளீன் பேக்கிரவுண்டு சார்!” என்பதுதான் அங்கே காதில் விழும் முதல் பாராட்டு. அந்த மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது கண்மாய்க் கரையிலா, சாக்கடை ஓரத்திலா, வயல்காட்டு மோட்டார் ஷெட்டுக்குப் பக்கத்திலா என்று படம் சொல்லாது. அடுத்த சட்டகத்தில் ஒரு தேன்சிட்டு இருக்கும். அதற்குப் பின்னாலும் அதே பச்சைதான்.

இந்தப் பச்சையைக் காலால் வரவழைக்கலாம், கையால் வரவழைக்கலாம், கணினியில் உட்கார்ந்தும் வரவழைக்கலாம். சுவரில் மாட்டியபின் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான். பறவைக்கு அப்படியில்லை.

முதலில் காலைப் பார்ப்போம். 600 மி.மீ. டெலி லென்ஸ், எஃப்/4 துளை, பத்து மீட்டர் தள்ளிப் பறவை. முழு அளவு சென்சார் கொண்ட கேமராவில் இந்தக் கணக்குக்குத் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 அல்லது 7 சென்டிமீட்டர்தான். பறவை நேர் எதிரே பார்த்து உட்கார்ந்தால் கண் கூர்மையாக விழும், வால் கலங்கிவிடும். அதற்கும் ஐம்பது மீட்டர் பின்னால் நிற்கும் மரங்கள் இலை, கிளை என்ற உருவத்தை இழந்து வெறும் நிறமாக மிஞ்சும். கண்காட்சிச் சுவரில் தொங்கும் பச்சைத் திரைகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவையே. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

இந்த லென்ஸ் பார்க்கும் உலகம் மிகக் குறுகலானது. பறவை இருக்கும் இடத்தில் சட்டகத்துக்குள் அடங்குவது அறுபது சென்டிமீட்டர் அகலம். ஐம்பது மீட்டர் பின்னால் போனால் 3.6 மீட்டர். படம் எடுப்பவர் இடப்பக்கம் அரை மீட்டர் நகர்ந்தால் போதும், பறவைக்குப் பின்னால் தெரியும் காட்சி வலப்பக்கம் இரண்டரை மீட்டர் தள்ளிப் போய்விடும். உறுத்திக்கொண்டிருந்த வெள்ளைச் சுவர் மறைந்து வயல் வந்துவிடும். பறவைக்கு எதுவும் தெரியாது, ஒரு புல்லும் அசையாது. கழிமுகங்களில் உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் படமெடுப்பவர்கள் சேற்றில் குப்புறப் படுத்துக் கிடப்பதும் இதே காரணத்துக்காகத்தான். நின்றபடி எடுத்தால் பறவையின் காலடிச் சேறுதான் பின்னணி, அதுவும் ஒரு முழம் தள்ளி. படுத்துவிட்டால் பார்வை தரையோடு தரையாக ஓடி, எங்கோ இருக்கும் அக்கரை பின்னணியாகிவிடும். நல்ல படக்காரரின் திறமையில் பாதி இந்த இடம் தேர்வதில் இருக்கிறது. பின்னணியை எளிமையாக்கும் வழிகளில் முழு மதிப்பெண் கொடுக்கத் தக்கது இது ஒன்றுதான்.

எளிய பின்னணியால் பயன் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலைக் கதிர்க்குருவிகளில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறியப் புருவக்கோடு, இறக்கைப் பட்டை, கால் நிறம் இவற்றைத்தான் நம்ப வேண்டும். கள வழிகாட்டி நூல்கள் பறவையை வெள்ளைத் தாளில் தனியாக வைப்பது அதனால்தான். அமெரிக்க ஒளிப்படக்காரர் ஜோயல் சார்ட்டோரே 2006-இல் தொடங்கிய ‘ஃபோட்டோ ஆர்க்’ திட்டத்தில் விலங்குகளையும் பறவைகளையும் கறுப்பு அல்லது வெள்ளைத் திரைக்கு முன்னால்தான் எடுக்கிறார். எலியும் யானையும் ஒரே அளவு கவனத்தைப் பெற வேண்டும் என்பது அவர் நோக்கம். அவை மனிதப் பராமரிப்பில் உள்ளவை என்பதை அவர் ஒளிப்பதும் இல்லை. திரை திரையாகவே தெரிகிறது.

சிக்கல் கையில் தொடங்குகிறது.

பறவை ஒளிப்படக் கலை பிறந்ததே கூட்டுக்குப் பக்கத்தில்தான். 1892-இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு, செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்தார்கள். மூன்றே ஆண்டுகளில் பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றி ஒரு நூலே வந்தது. அதில் ஓவியம் இல்லை, எல்லாம் ஒளிப்படங்கள். பறவைக்குச் சந்தேகம் வராமல் நெருங்குவதற்காகப் பாடம் செய்த மாட்டுத் தோலுக்குள் புகுந்துகொண்டு படமெடுத்தவர்கள் அவர்கள். அன்றைய கண்ணாடித் தகடுகளுக்கு வேகம் கிடையாது, கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவையைத் துரத்தவும் முடியாது. பறவை எந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தே தீரும்? கூட்டுக்கு. ஆகவே கேமராவும் அங்கேயே போய் நின்றது.

கூட்டின் இயல்பு மறைந்திருப்பது. படத்தின் தேவை தெரிவது. இரண்டுக்கும் நடுவில் இருந்த இலைகளையும் கிளைகளையும் விலக்கும் வேலைக்கு அந்தக் காலப் படக்காரர்கள் ‘கார்டனிங்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பொறுப்புள்ளவர்கள் கிளையை வெட்டாமல் நூலால் ஒதுக்கிக் கட்டி, படம் முடிந்ததும் அவிழ்த்துவிட்டார்கள். பொறுமையில்லாதவர்கள் கத்தரியை எடுத்தார்கள்.

இலை போனால் முதலில் வருவது வெயில். இறகு முளைக்காத குஞ்சு தன் உடல் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள முடியாது. நம் ஊர் ஏப்ரல் வெயிலில் நிழல் இழந்த கூடு சில மணி நேரத்திலேயே குஞ்சுகளுக்கு ஆபத்தாகிவிடும். அடுத்து வருவது காகம், செம்போத்து, வல்லூறு, சாரைப்பாம்பு. கேமராவுக்குத் தெரிகிற கூடு இவற்றுக்கும் தெரியும். தாய்ப்பறவை கூட்டையே கைவிட்டுப் போவதும் உண்டு. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) இதை எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அந்தச் சட்டத்தின் விளக்கப்படி ‘வேட்டை’யில் அடங்கும். துப்பாக்கியோடு போனவருக்கும் கத்தரியோடு போனவருக்கும் ஒரே சொல். பிரிட்டனிலோ 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள அரிய பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு நேரும் வகையில் படமெடுக்க உரிமமே வாங்க வேண்டும்.

கூட்டுப் படங்கள் கோலோச்சிய அந்தக் காலத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஃபிளாஷ் விளக்கின் ஒளி தூரம் கூடக்கூட வேகமாகக் குன்றும். இரண்டு மடங்கு தூரத்தில் கால் பங்குதான் மிஞ்சும். ஆகவே கூடும் பறவையும் பளிச்சென்று ஒளிர, பின்னால் இருப்பதெல்லாம் கறுத்துவிடும். பிரிட்டனின் எரிக் ஹாஸ்கிங் எடுத்த இரவுப் படங்களில் இது பொருத்தமாக அமைந்தது. ஹாஸ்கிங் 1937-இல் ஓர் ஆந்தையின் நகம் பட்டு இடது கண்ணையே இழந்தவர், அதன் பிறகும் ஆந்தைகளை விடாதவர். இரையோடு பறந்து வரும் கூகையை 1948-இல் அவர் எடுத்த படம் பெரும் புகழ் பெற்றது. கூகைக்கு இருட்டு உரியதுதான். ஆனால் பட்டப்பகலில் கூட்டுக்கு இரை கொண்டுவந்த தேன்சிட்டும் பஞ்சுருட்டானும்கூட அதே ஃபிளாஷில் நள்ளிரவுப் பறவைகளாகிப் போயின. அவற்றைப் பார்த்தவர்கள் ‘இயற்கையான படம்’ என்றுதான் சொன்னார்கள். பின்னணி பொய்யாவதற்குக் கணினி வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

இந்தியாவிலும் நெடுங்காலம் நல்ல பறவைப் படம் என்றால் கூட்டுப் படம்தான். சிங்கப்பூர்த் திரைப்பட அதிபர் லோக் வான் தோ இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கி, பறவையியலாளர் சாலிம் அலியின் நட்பில் பறவைப் படக்காரரானவர். 1957-இல் வெளிவந்த அவருடைய நூலிலும் மறைவிடத்துக்குள் உட்கார்ந்து கூட்டருகே எடுத்த படங்கள் இடம்பெற்றன. அந்தத் தலைமுறைக்கு வேறு வழியும் இல்லை. இன்று வழி இருக்கிறது. லென்ஸ் நீண்டுவிட்டது, சென்சார் மங்கிய ஒளியிலும் வேலை செய்கிறது. இந்தியப் போட்டிகள் பலவும் கூட்டுப் படங்களை ஏற்பதை நிறுத்திவிட்டன. அமெரிக்காவின் ஆடுபான் சங்கம் கூட்டை மறைக்கும் செடிகொடிகளை விலக்காதீர்கள் என்று படக்காரர்களுக்கு அறிவுறுத்துகிறது.

கூட்டை விட்டு வெளியே வந்த கை சும்மா இருக்கவில்லை. மேடை கட்டத் தொடங்கியது.

உத்தராகண்டின் சாத்தாலில் படக்காரர்கள் கூடும் ஓர் இடத்துக்கே ‘ஸ்டூடியோ’ என்று பெயர். கர்நாடகத்தின் கணேஷ்குடியில் ‘ஓல்டு மேகசின் ஹவுஸ்’ தங்குமிடத்தின் பறவைத் தொட்டிகள், கேரளத்தின் தட்டேக்காட்டில் ஊர்க்காரர்கள் நடத்தும் ‘ஹைடு’ எனும் மறைவிடங்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். பச்சைத் துணி போர்த்திய சிறு கொட்டகை. துணியில் லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளைகள். எதிரே சில மீட்டரில் ஆழமில்லாத தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் பாசி படர்ந்த கிளை அல்லது மரக்கட்டை. கட்டையின் பின்புறம் துளை போட்டு உள்ளே புழு வைப்பார்கள், கேமராவுக்குத் தெரியாது. ஒடித்த கிளையின் வெள்ளை முனை தெரிந்தால் அதில் சேறு பூசுவதும் உண்டு. இமயச் சின்னானும் சிரிப்பான் கூட்டமும் வந்து உட்காரும் இடம், அவற்றுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் திறந்தவெளி இருக்க வேண்டும் என்பது எல்லாம் முன்கூட்டியே தீர்மானமானவை.

இதை எடுத்தவுடன் குற்றம் சொல்லிவிட முடியாது. முப்பது பேர் புதருக்குப் புதர் பறவையைத் துரத்துவதைவிட ஐந்து பேர் கொட்டகைக்குள் வாய் மூடி உட்கார்ந்திருப்பது காட்டுக்கு நல்லது. அந்தக் கட்டணம் ஊர்க்காரர்கள் கைக்குப் போகிறது. பறவை இருந்தால்தான் பிழைப்பு என்ற எண்ணம் வளர்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. அடர்ந்த மூங்கில் தூரில் தரையோடு தரையாகச் சருகு கிளறித் திரியும் ஒரு பறவையைப் பாசிக் கிளையின் உச்சியில் நிற்கவைத்து எடுத்த படம், அந்தப் பறவை அப்படித்தான் வாழ்கிறது என்று நம்பவைத்துவிடுகிறது. ஆறுமணிக்குருவியை ஒரு முறையாவது காட்டில் தேடிப் பார்த்தவருக்கு இது புரியும். பார்வையில் படுவது பெரும்பாலும் சருகு நகரும் அசைவு மட்டுமே.

இதன் உச்சம் தென், மத்திய அமெரிக்காவின் தேன்பருகிப் படங்கள். ஓசனிச்சிட்டு என்றும் சொல்லப்படும் அந்தச் சின்னஞ்சிறு பறவை நொடிக்கு ஐம்பது முறை சிறகடிக்கக்கூடியது. அந்தச் சிறகை உறையவைக்க நான்கைந்து ஃபிளாஷ்களைக் குறைந்த திறனில், மிகக் குறுகிய நேரம் மின்னவைக்கிறார்கள். அப்போது பின்னணி முழுதும் கறுத்துவிடும் அல்லவா? கோஸ்டாரிகாவிலும் ஈக்வடாரிலும் அதற்கு ஒரு தீர்வு கண்டார்கள்: மங்கலான இலைகளின் படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பலகையில் ஒட்டிப் பூவுக்குப் பின்னால் நிறுத்திவிடுவது. பூவுக்குள் சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றியிருப்பார்கள். பறவை மட்டும் அசல். அச்சடித்த காட்டுக்கு முன்னால் அது பறக்கும் படம் ‘மழைக்காட்டில் எடுத்தது’ என்ற குறிப்போடு வெளிவரும்போது பொய் எதுவும் இல்லை. பலகை நின்றது மழைக்காட்டில்தானே!

மூன்றாவது வழி கணினி. ஃபோட்டோஷாப் 1990-இல் வந்தது. குறுக்கே ஓடும் ஒரு குச்சியை அழிக்க அப்போது நல்ல பயிற்சியும் பொறுமையும் தேவைப்பட்டன. 2010-இல் வந்த பதிப்பு, குச்சியைக் குறித்துக்காட்டினால் சுற்றியிருப்பதைப் பார்த்து இடைவெளியைத் தானே நிரப்பியது. 2023-இல் செயற்கை நுண்ணறிவு உள்ளே வந்தபின், இல்லாத காட்டையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

போட்டி நடத்துபவர்கள் இங்கே உறுதியான கோடு போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒளிப்படச் சங்கமான பி.எஸ்.ஏ., பன்னாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.பி., பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் இயற்கைப் படத்துக்குப் பொதுவான ஒரு வரையறையை வைத்திருக்கின்றன. உலகமெங்கும் நடக்கும் சலோன் போட்டிகள் பலவும் அதைத்தான் பின்பற்றுகின்றன. ஓரங்களை வெட்டிக் குறுக்கலாம். ஆனால் படத்துக்குள் எதையும் சேர்க்கவோ, நகர்த்தவோ, மாற்றவோ, நீக்கவோ கூடாது. சென்சாரில் ஒட்டிய தூசியின் புள்ளியை அழிக்கலாம். பறவைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த குச்சியை அழிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கேமராவிலிருந்து நேரே வந்த ரா ஃபைலைக் கேட்பார்கள்.

இந்த விதியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வீட்டுக்கு வந்து கணினியில் அதே குச்சியை அழித்தவர் தகுதி இழக்கிறார். படமெடுப்பதற்கு முன்னால் நடந்துபோய் அதை ஒடித்துப் போட்டவரின் ரா ஃபைல் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. பறவையின் பக்கம் நின்று பார்த்தால் தண்டனை இடம் மாறி விழுகிறது. கணினியில் அழிந்த குச்சியால் எந்தக் குஞ்சும் வெயிலில் காயவில்லை, எந்தக் காகமும் வழி கண்டுபிடிக்கவில்லை. நடுவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டகத்தில் பதிவானதைத்தான் அவர்கள் சோதிக்க முடியும். ஆனாலும் ‘ரா ஃபைல் இருக்கிறது’ என்பதையே நேர்மைக்கான முழுச் சான்றாகக் கொள்வது சரியல்ல.

பின்னணியைத் தொடாமல் விட வேண்டும் என்பதற்கு அழகுணர்ச்சியைத் தாண்டிய காரணம் ஒன்று சாம்பியாவிலிருந்து கிடைத்தது. எக்ஸிடர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அங்கே தரையில் முட்டையிடும் பறவைகளை ஆராய்ந்தார்கள்: பக்கிகள், உப்புக்கொத்திகள், கல்குருவிகள். முட்டையின் அல்லது அடைகாக்கும் பறவையின் நிறமும் புள்ளிகளும் சுற்றுத் தரையோடு எவ்வளவு பொருந்துகின்றனவோ அந்த அளவுக்கு அந்தக் கூடு தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2016-இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. ஒரே இனத்துக்குள் ஒவ்வொரு பறவைக்கும் நிறமும் கோலமும் சற்றே வேறுபடும். ஒவ்வொன்றும் தன் சொந்தக் கோலத்துக்கு, அல்லது தன் முட்டையின் கோலத்துக்கு, ஒத்துவரும் இடமாகப் பார்த்து அமர்கிறது.

ஆகப் பக்கிக்குப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு சருகும் ஒரு கருங்கல்லும் குப்பையல்ல. அது தேடிப் பிடித்த இடம். ‘முகத்தை மறைக்கிறதே’ என்று அந்தச் சருகை ஒரு குச்சியால் தள்ளிவிடுகிறவர் பறவையின் பாதுகாப்பில் கை வைக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் தவளைவாயனுக்கும் இது பொருந்தும். சாலிம் அலியின் பெயர் தாங்கிய தட்டேக்காடு சரணாலயத்தில் படக்காரர்கள் முதலில் கேட்பது இந்தப் பறவையைத்தான். பகல் முழுவதும் இணை ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் சாம்பல், பெண் செம்பழுப்பு. ஆள் அரவம் கேட்டால் அலகை மேலே தூக்கி, முறிந்த கட்டைபோல் ஆடாமல் அசையாமல் இருந்துவிடும். சுற்றிலும் தொங்கும் காய்ந்த இலைகளோடு சேர்ந்துதான் அந்த வேடம் பலிக்கும். இலைகளை ஒதுக்கிவிட்டு எடுத்த தவளைவாயன் படத்தில் பறவை முழுதாகத் தெரியும். அது எப்படிப் பிழைக்கிறது என்பது தெரியாது.

பின்னணியை நம்பிப் பறவையை அறிவது மனிதர்கள் மட்டுமல்ல. கணினிக்குப் பறவை அடையாளம் காணப் பழக்கும் ஆய்வாளர்களிடம் 200 இனங்கள், 11,788 படங்கள் கொண்ட புகழ்பெற்ற தொகுப்பு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக் குழு அதிலிருந்து பறவைகளை மட்டும் வெட்டியெடுத்து வேறு பின்னணிகளில் ஒட்டியது. பயிற்சிப் படங்களில் நீர்ப்பறவைகளில் 95 விழுக்காட்டை நீர்நிலைக்கு முன்னாலும், தரைப்பறவைகளில் அதே அளவைத் தரைக்கு முன்னாலும் வைத்தார்கள். இப்படிப் படித்துத் தேறிய கணினி, மூங்கில் காட்டுக்கு முன்னால் ஒட்டிய வாத்தைப் பார்த்துத் தடுமாறியது. அது பெரும்பாலும் கற்றுக்கொண்டது தண்ணீரைத்தான், வாத்தை அல்ல. பொறியாளர்களுக்கு இது தலைவலி. கிராமத்து மனிதர்களுக்கோ இது அன்றாட அறிவு. தூரத்தில் ஒரு பறவை தெரிந்தால் அது எங்கே நிற்கிறது என்பதைத்தான் அவர்களும் முதலில் பார்க்கிறார்கள்.

சூழலோடு சேர்த்துப் பார்ப்பதற்கு மா. கிருஷ்ணனின் படங்களைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். பல பாகங்களை ஒட்டவைத்துத் தானே உருவாக்கிய கனத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று விளையாட்டாகப் பெயர் சூட்டியிருந்தார். அவர் எடுத்தது கறுப்பு வெள்ளையில். அங்கே பச்சைத் திரை உதவிக்கு வராது. இலையும் இறகும் ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடிய ஊடகத்தில் ஒளியையும் உருவத்தையும் வைத்துத்தான் உயிரைக் காட்டிலிருந்து பிரித்துக் காட்ட முடியும்.

கிருஷ்ணன் காலத்துக் காட்டில் இல்லாத ஒன்று இன்றைய பின்னணியில் நிறைந்திருக்கிறது. அது நாம்தான். மும்பையின் செவ்ரி சேற்றுநிலத்தில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் இறங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், 2024 ஜனவரியில் திறந்த கடல்பாலமும் தெரியும். சென்னை பள்ளிக்கரணை 2022-இல் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம். அங்கே ஒரு பக்கம் அடுக்குமாடிகள், இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. இரண்டு ஊரிலும் எடுத்த எத்தனையோ பூநாரைப் படங்களில் இவை எதுவும் இராது. இளஞ்சிவப்புப் பறவை, நீல நீர், அவ்வளவுதான். காலால் நகர்ந்து பெற்ற பின்னணியானாலும் இங்கே ஏதோ விட்டுப்போகிறது. முழு மதிப்பெண்ணில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

மின்கம்பியில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பனங்காடையும் கரிச்சானும் பஞ்சுருட்டானும் நாளில் பெரும்பகுதியைக் கம்பியில்தான் கழிக்கின்றன. அங்கிருந்து பூச்சியைக் கண்டு பாய்வது அவற்றுக்கு வசதி. படக்காரர்களோ கம்பியில் உட்கார்ந்த பறவையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எடுத்தாலும் கம்பியை அழித்துவிடுகிறார்கள். ராஜஸ்தானின் தார்ப் பாலையில் அதே கம்பி வேறு கதை சொல்கிறது. கானமயில் கனத்த பறவை, நேர் எதிரே பார்க்கும் பார்வை குறுகலானது. உயர் மின்னழுத்தக் கம்பி அருகில் வந்தபின் சட்டென்று திரும்ப முடியாது. இருநூறுக்கும் குறைவாகச் சுருங்கிவிட்ட அந்த இனத்துக்கு மின்கம்பிகள் பெரும் ஆபத்தாகிவிட்டதால்தான் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, கம்பிகளை நிலத்தடிக்குக் கொண்டுசெல்வது பற்றி ஆணையிட்டது. செலவும் நடைமுறைச் சிக்கலும் காட்டி அரசு முறையிட்டதால் 2024-இல் அந்த ஆணை மாறியது. பொன்னிறப் புல்வெளியில் தன்னந்தனியாகக் கழுத்து நிமிர்த்தி நிற்கும் கானமயிலின் அழகிய படத்தில் கம்பியை அழித்தவர், வழக்கின் சான்றுப்பொருளையே அழித்துவிட்டார்.

போட்டி விதிகள் இதற்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கின்றன. பி.எஸ்.ஏ. வரையறை இயற்கைப் படத்தில் மனிதச் சுவடு கூடாது என்கிறது. அந்தச் சுவடு இயற்கைக் கதைக்கு இன்றியமையாததாக இருந்தால் மட்டும் விலக்கு அளிக்கிறது. அதன் முந்தைய வடிவம் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது, மனிதர் மாற்றிய சூழலுக்குப் பழகிக்கொண்ட கூகையையும் நாரையையும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் சூழலோடு உயிர்களைக் காட்டும் படங்களுக்கும் நகர்ப்புற உயிரினங்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. ‘பேர்டு ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்’ போட்டியிலும் அப்படியே.

அந்தப் பிரிவுகளுக்குப் படம் எடுக்கத் தமிழ்நாட்டில் கூந்தன்குளத்தைப் போல் தோதான இடம் குறைவு. திருநெல்வேலி மாவட்டத்தில் 1994-இல் சரணாலயமான அந்த ஊரில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்து மரங்களோடு நிற்பதில்லை. தெருவுக்குள் வந்து வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்து முற்றம் வெளுக்கும், மீன் வாடை வீசும். ஊர்க்காரர்கள் பறவைகளை விரட்டுவதில்லை. அங்கே 600 மி.மீ. லென்ஸைத் தூக்கினால் ஒரு நாரையின் தலையும் அலகும் மட்டும் கிடைக்கும், பின்னால் நீல வானம். அந்த நாரை எந்த நாட்டிலும் இருக்கலாம். லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு நான்கடி பின்னால் வந்து நின்றால் ஓட்டுக் கூரை, துணிக்கொடி, டி.வி. கம்பி, மரத்தடியில் பாத்திரம் துலக்கும் பெண், தலைக்கு மேல் குஞ்சுக்கு இரை ஊட்டும் பறவை எல்லாம் ஒரே சட்டகத்தில் வரும். அந்தப் பெரிய லென்ஸின் விலை இந்தியாவில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். இரண்டாவது படத்துக்குச் சட்டைப் பையில் இருக்கும் கைபேசியே போதும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.